முதல் மணிக் கைப்பட்டை ஐந்தாம் நாளே அறுந்துவிட்டது. இந்த வேலை என் கைக்கு வருமா?

உங்கள் கேள்வியில் நான்கு விஷயங்கள் இருக்கின்றன. வயது 47, ஓவியம் வரையத் தெரியாது, பாசிமணி வேலையைப் பொழுதுபோக்காகத் தொடங்கலாமா என்பது முதலாவது. பல நிறமும் கலந்த மணிப்பெட்டி ஒன்று வாங்கி, வீடியோ பார்த்துக் கோர்த்த கைப்பட்டை ஐந்தாம் நாள் அறுந்துவிட்டது, ஏன் என்பது இரண்டாவது. கண் கெட்டுவிடுமா என்பது மூன்றாவது. இன்னொருவர் போட்டுக் கொடுத்த டிசைனைப் பார்த்துச் செய்தால் அதைப் படைப்பு என்று சொல்லிக்கொள்ளலாமா என்பது நான்காவது. ஆனால் கடைசி வரியில் "என் கைக்கு இது வராதோ என்று தோன்றுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அறுந்தது நூலா, கையா என்பதே உங்கள் கேள்வி.

நூல்தான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 18 ஆண்டுகளாக மணி வேலை செய்கிறேன், அதில் 10 ஆண்டுகள் சிறு குழுக்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். தையல் பெட்டியில் கிடந்த பருத்தி நூலில், முகம் முகமாக வெட்டிய படிக மணிகளைக் கோர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் என் கையில் செய்தாலும் அறுந்துதான் போகும். படிக மணியின் துளை விளிம்பு கூரானது. கையை ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் நூல் அந்த விளிம்பில் முன்னும் பின்னும் உரசுகிறது. பருத்தி அந்த உரசலைத் தாங்காது.

அறுந்த பட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அந்த நூலின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முனை பஞ்சுபோலப் பிரிந்து, அதற்கு முந்தைய அரை அங்குலமும் மெலிந்து இருந்தால் அது தேய்ந்து அறுந்த நூல். முனை முழுசாக இருந்து, முடிச்சு விழுந்த மடிப்பு அதில் இன்னும் தெரிந்தால் நூல் அறுபடவே இல்லை, முடிச்சுதான் நழுவியிருக்கிறது. முதலாவதாக இருந்தால் நூலை மாற்ற வேண்டும். படிக மணிக்கு இருபுறமும் ஒரு சின்ன உருண்டை மணியைக் காவலுக்கு வைக்க வேண்டும். அப்போது நூல் கூரான விளிம்பில் வளையாமல் வழவழப்பான மணியில் வளையும். குழாய்போல நீண்டிருக்கும் பியூகிள் மணிகளுக்கும் இதே காவல் வேண்டும், அவற்றின் முனையும் நூலை அறுக்கும். இரண்டாவதாக இருந்தால், வெறும் முடிச்சை நம்பியதுதான் காரணம். முடிச்சுக்குப் பிறகு மிச்ச நூலை ஊசியில் கோர்த்து, ஏற்கெனவே இருக்கும் மணிகளுக்குள்ளேயே ஏழெட்டு மணி தூரம் திரும்ப ஓட்டிவிட்டு வெட்டினால் அது எளிதில் நழுவாது.

என் முதல் கழுத்து மாலையும் இப்படித்தான் போனது. மூன்று மாதம் மாலை நேரங்களில் உட்கார்ந்து செய்து, மிக வேண்டிய ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவர் அதை அணிந்த முதல் நாளே கொக்கிக்குப் பக்கத்தில் விட்டுப்போய், மணிகள் தரை முழுக்க ஓடின. அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். அன்று இரவு மிச்சமிருந்த பகுதியை நானே பிரித்துப் பார்த்தேன். நூல் எந்தெந்த மணியில் எத்தனை முறை போயிருக்கிறது, எங்கே ஒற்றை இழையாகத் தொங்குகிறது என்று அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தேன். அதுவரை நான் மணியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே பாரம் விழுகிறது, எங்கே மடிகிறது, எங்கே உரசுகிறது என்பதெல்லாம் நூலின் பாதையில் இருக்கிறது. கொக்கி மாட்டும் இடத்தில் நூல் குறைந்தது மூன்று முறையாவது சுற்றி வர வேண்டும் என்பதை அந்த இரவுக்குப் பிறகு நான் மறந்ததில்லை.

இனி என்ன வாங்குவது. உங்களிடம் உள்ள கலவைப் பெட்டியை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் உள்ள மணிகள் கெட்டவை அல்ல. ஆனால் ஒரே அளவில் இல்லாத மணிகளை வைத்துப் பின்னல் கற்க முடியாது, தவறு உங்களுடையதா மணியுடையதா என்றே தெரியாது. பின்னலுக்கு வேண்டியது சீட் பீட்ஸ் என்று சொல்லப்படும் சிறு கண்ணாடி மணிகள். அவற்றின் அளவு 15/0, 11/0, 8/0, 6/0 என்று எழுதப்பட்டிருக்கும். எண் பெரிதாகப் பெரிதாக மணி சிறிதாகும். 11/0 என்பது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8/0 ஏறக்குறைய 3, 6/0 ஏறக்குறைய 4. படங்களில் பார்த்து ஆசைப்படும் நுணுக்கமான வேலைகள் பெரும்பாலும் 11/0 அல்லது அதைவிடச் சிறியவை. தொடக்கத்தில் அதற்குப் போகாதீர்கள். 8/0 அளவில், ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டுத் தெரியும் இரண்டு நிறம், ஒவ்வொன்றிலும் 20 கிராம். போதும்.

மணிகள் இரண்டு இடங்களிலிருந்து அதிகம் வருகின்றன. ஜப்பானில் மியுகி, டோஹோ போன்ற நிறுவனங்கள் செய்பவை அளவில் ஒன்றுபோல இருக்கும், துளையும் பெரிதாக இருக்கும். செக் நாட்டில், குறிப்பாக யாப்லோனெட்ஸ் பகுதியில், கண்ணாடி மணித் தொழில் பல தலைமுறைகளாக நடக்கிறது. அந்த மணிகள் சற்றுத் தட்டையாக, ஒன்றுக்கொன்று சிறு வேறுபாட்டோடு இருக்கும். நூலில் கோர்த்த கொத்தாகவே விற்பார்கள். பூத்தையலுக்கும் முறுக்குக் கயிறு வேலைக்கும் எனக்குச் செக் மணிகள்தான் பிடிக்கும், அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தில் ஓர் உயிர் இருக்கிறது. கட்டம் கட்டமாக நேர்கோடு வர வேண்டிய வேலைக்கு ஜப்பானிய மணி. கற்கும்போது அதையே வாங்குங்கள். மியுகியின் டெலிகா என்பது உருண்டையாக இல்லாமல் சிறு உருளையாக இருக்கும், செங்கல் அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டி உட்காரும். அதற்கு ஆறு மாதம் கழித்து வரலாம்.

ஊசி மணிக்கென்றே விற்கும் மெல்லிய, நீண்ட ஊசியாக இருக்க வேண்டும். 10ஆம் எண் போதும். இங்கும் எண் ஏற ஏற ஊசி மெலியும். சாதாரணத் தையல் ஊசியின் காது பருத்திருக்கும், மணிக்குள் சிக்கி மணியை உடைத்துவிடும். நூலில் வல்லுநர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. ஃபயர்லைன் என்பது மீன்பிடி நூலாக வந்தது. பாலிஎதிலீன் இழைகளைச் சேர்த்துச் செய்தது, இழுத்தால் நீளாது, கூரான விளிம்பையும் நன்றாகத் தாங்கும். நைமோ போன்ற நைலான் நூல்கள் மென்மையானவை, அவற்றில் செய்த வேலை துணிபோலக் குழைந்து விழும், நிறங்களும் ஏராளம். ஆனால் நைலான் நீளும். வெட்டியதும் இரு கையாலும் பிடித்து நன்றாக இழுத்துவிட்டுப் பயன்படுத்தாவிட்டால், பின்னர் தொய்ந்து மணிகளுக்கு நடுவே இடைவெளி விடும். நான் புதியவர்களுக்கு ஃபயர்லைனில் 6 பவுண்டு என்று குறித்ததைத்தான் (நூல் தாங்கும் எடையைக் காட்டும் எண் அது) கொடுக்கிறேன், பிரித்துப் பிரித்துச் செய்தாலும் நைந்து போகாது என்பதற்காக. சாம்பல் நிற ஃபயர்லைன் விரலில் கரியாக ஒட்டும், தொடங்குமுன் ஒரு பழைய துணியால் நூலை ஒருமுறை உருவிவிடுங்கள். நல்ல கத்தரிக்கோலை அதில் வைக்காதீர்கள், முனை மழுங்கிவிடும்.

இவற்றோடு ஒரு துண்டுக் கம்பளித் துணி. மேசைமேல் விரித்து அதில் மணியைக் கொட்டினால் உருண்டு ஓடாது, ஊசி முனையால் குத்தியெடுக்கவும் வசதி. கிண்ணத்தில் மணி வைத்து விரலால் எடுப்பவர்கள் பத்து நிமிடத்தில் களைத்துவிடுவார்கள்.

ஊசியில் நூல் கோர்ப்பதிலேயே பலர் மனம் விட்டுவிடுகிறார்கள். நூலை ஊசிக்குக் கொண்டு போகாதீர்கள், ஊசியை நூலுக்குக் கொண்டு வாருங்கள். நூலின் முனையைத் தட்டையாக நசுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முனை வெளியே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்படி அழுத்திப் பிடித்து, அதன்மேல் ஊசிக் காதை இறக்குங்கள். நுழையவில்லை என்றால் ஊசியைத் திருப்பிப் பிடியுங்கள். காதின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட எளிதாக வாங்கும்.

முதல் பின்னலாகப் பெயோட்டி என்பதைப் பழகுங்கள். தறியில் நெய்யலாம், ரைட் ஆங்கிள் வீவ் என்று நான்கு நான்கு மணியாகச் சதுரம் கட்டலாம், துணியில் பூத்தையல் போடலாம். எல்லாமே அழகு. ஆனால் பெயோட்டி ஒன்று கைவந்தால் தட்டை, குழாய், வளையம் என்று பல வடிவங்களுக்கு வழி திறக்கும். அதில் முதல் மூன்று வரிசைதான் கடினம். அதை மட்டும் இங்கே விரலைப் பிடித்துச் சொல்கிறேன். உங்கள் இரண்டு நிறமும் சிவப்பு, வெள்ளை என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றரை மீட்டர் நூல் எடுத்து, முனையில் ஒரு சாண் விட்டு ஒரு மணியைக் கோர்த்து, அதற்குள் ஊசியை மறுபடி ஒரு முறை விட்டு நிறுத்துங்கள். அது தடுப்பு மணி, பின்னால் கழற்றிவிடுவோம். இப்போது சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பத்து மணி கோருங்கள். இந்தப் பத்தும் ஒரே வரிசை போலத் தெரியும். உண்மையில் முதல் இரண்டு வரிசைகளும் இதற்குள்ளேயே இருக்கின்றன. பத்தாவது மணி வெள்ளை. இப்போது இன்னொரு வெள்ளை மணியை ஊசியில் எடுத்து, பத்தாவதைத் தாண்டி, ஒன்பதாவதான சிவப்புக்குள் ஊசியை, வந்த திசைக்கு எதிராக விடுங்கள். இழுத்தால் புது வெள்ளை பழைய வெள்ளையின் தலைமேல் போய் உட்காரும். அடுத்து ஒரு வெள்ளை எடுத்து, எட்டாவதைத் தாண்டி ஏழாவதான சிவப்புக்குள். இப்படியே ஐந்து, மூன்று, ஒன்று. மூன்றாம் வரிசை முடிந்தது. அடுத்த வரிசைக்குச் சிவப்பு எடுத்து, இப்போது மேலே துருத்திக்கொண்டிருக்கும் வெள்ளைக்குள் போக வேண்டும். அதற்கடுத்தது வெள்ளை எடுத்துச் சிவப்புக்குள். ஊசியில் என்ன நிறம் இருக்கிறதோ அதன் எதிர் நிறத்துக்குள்தான் ஊசி நுழைய வேண்டும் என்பதே விதி. வெள்ளை எடுத்து வெள்ளைக்குள் போனீர்கள் என்றால் அந்த நொடியே தவறு தெரிந்துவிடும். இதற்காகத்தான் இரண்டு நிறம் வாங்கச் சொன்னேன். ஒரே நிறத்தில் பழகுபவர்கள் ஐந்தாறு வரிசை போன பிறகுதான் தவறைக் கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாம் வரிசை முடிக்கும்வரை அது பாம்பு மாதிரி முறுக்கிக்கொள்ளும், கையில் நிற்காது. எல்லோருக்கும் அப்படித்தான். வாலில் விட்ட நூலையும் ஊசி நூலையும் ஒரே நேரத்தில் மெல்ல இழுத்து, மேசைமேல் வைத்து நகத்தால் தட்டி நேராக்குங்கள். ஐந்தாவது வரிசையில் பல் பல்லாக ஒரு ஓரம் தெரியத் தொடங்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு மணி டக்கென்று போய் உட்காரும். அந்த உட்காரும் சத்தமும் விரலில் அது தெரிவதும் இந்த வேலையில் எனக்கு இன்றைக்கும் அலுக்காத சுகம்.

பின்னுவதற்கு முன்பே பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று என் வகுப்பில் சொல்வேன். முதல் நாள் இருபது வரிசை போட்டதும் பத்து வரிசையைப் பிரிக்கச் சொல்வேன். சிலருக்கு முகம் வாடிவிடும். ஆனால் பிரிக்கப் பயப்படுகிறவர் தவறைப் பார்த்தும் பார்க்காததுபோல மேலே போவார், அந்தத் தவறு முடிவுவரை கூடவே வரும். பிரிக்கும்போது ஊசியை வந்த வழியே திரும்ப விடாதீர்கள். ஊசி முனை ஏற்கெனவே உள்ளே இருக்கும் நூலைக் குத்திக் கிழித்து அங்கேயே பூட்டிவிடும். ஊசியைக் கழற்றிவிட்டு, வெறும் நூலை ஒவ்வொரு மணியாகப் பின்னுக்கு உருவுங்கள். ஒரு மணி அதிகமாக விழுந்துவிட்டால் குறட்டால் நசுக்கி உடைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யலாம், ஆனால் உடையும் கண்ணாடி உள்ளே இருக்கும் நூலையும் அறுக்கலாம், சில்லு கண்ணில் தெறிக்கலாம். கண்ணாடி அணியாமல் அதைச் செய்யவே கூடாது. பழகும் காலத்தில் பிரிப்பதே மேல்.

இழுவை என்பதை எழுத்தில் சொல்லிக் கொடுப்பது கடினம். உங்கள் கையைப் பார்க்காமல் நீங்கள் இறுக்கமாகச் செய்கிறீர்களா தளர்வாகவா என்று என்னால் கணிக்கவும் முடியாது. ஒரு சோதனை மட்டும் சொல்கிறேன். விரல் நீளத்துக்குப் பின்னியதும் ஒரு முனையைப் பிடித்துக் கிடையாக நீட்டுங்கள். குச்சிபோல விறைத்து நின்றால் இறுக்கம் அதிகம். மணிகளுக்கு நடுவே நூல் கண்ணுக்குத் தெரிந்தால் தளர்வு அதிகம். மெல்லத் தலைகுனிவதுபோல வளைந்தால் சரி. வீடியோவைவிட ஒரு ஆசிரியரின் பக்கத்தில் ஒரே ஒரு நாள் உட்காருவது இந்த ஒரு விஷயத்துக்காகவே நல்லது. வீடியோவில் அவர் கை தெரியும், உங்கள் கை அவருக்குத் தெரியாது.

கண் பற்றி. நான் கண் மருத்துவர் இல்லை, ஆனால் பல வயதுக்காரர்களோடு வேலை செய்திருக்கிறேன். 40 தாண்டினால் கிட்டத்தில் இருப்பதைத் தெளிவாகப் பார்க்கும் திறன் தளர்வது மணி வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் நடக்கும். மணி வேலை அதை முதலில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். உற்றுப் பார்க்கும்போது இமை கொட்டுவது குறைவதால் கண் உலர்ந்து எரியும், தலை கனக்கும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பார்க்கச் சொல்லும் பழைய வழிமுறை எனக்கு உதவியிருக்கிறது. விளக்கு தலைக்கு மேலே இருந்தால் உங்கள் கையின் நிழலே மணிமேல் விழும்; வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கமாக, தாழ்வாக வையுங்கள். படிக்கும் கண்ணாடியின் பவர் பார்த்து எத்தனை நாளாகிறது என்று யோசியுங்கள். வகுப்புக்கு வந்த ஒருவருக்கு 70 வயது, கையில் லேசான நடுக்கமும் உண்டு. 6/0 மணியில் தொடங்கினார், இரு முழங்கையையும் மேசையில் ஊன்றிக்கொண்டு செய்வார். எட்டு மாதத்தில் 8/0க்கு வந்தார். 11/0க்கு அவர் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அவர் செய்த அகலமான கைப்பட்டைகளின் நிறச் சேர்க்கையை நான் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். கழுத்தும் தோளும்தான் கண்ணைவிட அதிகம் பாடுபடும். மடியில் வைத்துக் குனிந்து செய்யாதீர்கள்.

நிறம். வரையத் தெரியாது என்பது இங்கே தடையே இல்லை, நிறத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும், அது பழகினால் வரும். குப்பிக்குள் பல அடுக்காகக் குவிந்திருக்கும்போது மணி ஆழ்ந்த நிறமாகத் தெரியும். ஒற்றை அடுக்காகப் பின்னினால் வெளிறிவிடும், கண்ணாடி ஒளி ஊடுருவுவது என்றால் உள்ளே ஓடும் நூலின் நிறமும் தெரியும். எனவே எந்த நிறத்தையும் பதினைந்து மணி கோர்த்து, அது இருக்கப்போகும் இடத்தில், தோல்மேலோ துணிமேலோ வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். இன்னொரு சோதனை: தேர்ந்தெடுத்த மணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுங்கள். இரண்டு நிறமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், நேரில் எவ்வளவு அழகாக இருந்தாலும் டிசைன் நான்கடி தள்ளிப் பார்க்கும்போது கரைந்துவிடும். ஒரே நிறத்தில் பளபளப்பானதும் மங்கலானதும் என்று இரண்டு வகை வாங்கி, அவற்றை மட்டும் வைத்து ஒரு பட்டை செய்து பாருங்கள். என் வகுப்பில் நிறக் கலவை பற்றி நான் பேசும் ஒரு மணி நேரத்தைவிட அந்த ஒரு பட்டை அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

எல்லா நிறமும் நிலைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடிக்குள்ளேயே நிறம் கலந்தவை மங்காது. மேலே சாயம் ஏற்றியவையும், துளைக்குள் நிறம் பூசியவையும் வெயிலில் வெளுக்கலாம். உலோகப் பளபளப்புப் பூசியவை வியர்வையிலும் உரசலிலும் உரியலாம். உள்ளே வெள்ளி பூசியவை நாளடைவில் கறுக்கலாம். இதைக் குறைக்கவே மியுகி டியூராகோட் என்றும் டோஹோ பெர்மாஃபினிஷ் என்றும் காப்புப் பூச்சோடு சில மணிகளை விற்கின்றன, அவை பெரும்பாலும் கூடுதலாக உழைக்கின்றன. சந்தேகம் இருந்தால் பத்து மணியை வெயில் விழும் சன்னலில் ஒரு மாதம் வையுங்கள், பத்தைப் பெட்டிக்குள் வையுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். கொக்கி, வளையம் வாங்கும்போது நிக்கல் இல்லாததா என்று கேளுங்கள், பலருக்கு அது தோலில் அரிப்பைக் கொண்டுவரும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மணியை மூடிவைக்காமல் எழுந்து போகாதீர்கள், விழுங்கிவிட்டால் ஆபத்து.

இப்போது படைப்பு பற்றிய உங்கள் கேள்வி. ஒருவர் போட்ட டிசைனைப் பார்த்துப் பின்னுவது, இசை பழகுபவர் வரிசைகளைப் பாடிப் பழகுவது போன்றது. அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஐந்தாறு செய்த பிறகு உங்களுக்கே ஒரு இடத்தில் "இங்கே இந்த நிறம் வேண்டாம்" என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் மாற்றுங்கள். கெட்டுப்போகட்டும், பிரித்துக்கொள்ளலாம். பெயோட்டிக்கான கட்டத்தாள் செங்கல் சுவர்போல, ஒவ்வொரு கட்டமும் அரைக் கட்டம் தள்ளி இருக்கும். அதில் வண்ணப் பென்சிலால் நிரப்பிப் பார்ப்பதுதான் இந்தத் துறையின் ஓவியம். சதுரக் கட்டத்தாளில் வரைந்து அப்படியே பின்னப் பார்த்தால் கோணலாக வரும், பலர் இங்கே ஏமாறுவார்கள். பெயோட்டித் தாளைப் பக்கவாட்டில் திருப்பினால் அதுவே பிரிக் ஸ்டிச் என்ற பின்னலுக்கும் பொருந்தும். நான் முதன்முதலாகச் சொந்தமாக வரைந்தது வெறும் சாய்கோடு, மூன்று நிறத்தில். அதைச் செய்து முடித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம், பிறர் வடிவத்தில் அதைவிடப் பத்து மடங்கு நுணுக்கமாகச் செய்தபோதும் வரவில்லை. பிறர் வடிவத்தில் செய்ததை வெளியே காட்டும்போது அவர் பெயரைச் சொல்லுங்கள், விற்பதாக இருந்தால் முதலில் அனுமதி கேளுங்கள்.

விற்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாலு பேர் பார்த்ததும் அந்தப் பேச்சு வந்துவிடும் என்பதால் ஒரு கணக்கு. டெலிகா 11/0 மணியில் 20 மணி அகலம், 17 சென்டிமீட்டர் நீளம் உள்ள ஒரு பட்டைக்கு ஏறக்குறைய 2,100 மணி வேண்டும். கிராமுக்கு 200 மணி என்று வைத்தால் பத்து, பதினொரு கிராம். பழகிய கை நிமிடத்துக்கு ஐந்தாறு மணி சேர்த்தால்கூட அது ஆறேழு மணி நேர வேலை, கொக்கி வைப்பது தனி. உங்களுக்கு முதலில் இதைப்போல இரண்டு மடங்கு ஆகும். இந்த நேரத்துக்கு ஈடாக யார் கொடுப்பார்கள் என்ற கவலையை முதல் வருடத்திலேயே தலையில் ஏற்றிக்கொண்டால், கை ஓடுவதற்கு முன்பே மனம் ஓய்ந்துவிடும். மன அழுத்தத்துக்கு இது மருந்து என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அமைதி தருகிறது, வகுப்பில் உள்ளவர்களும் அப்படிச் சொல்கிறார்கள். அதற்குமேல் அதை ஒரு சிகிச்சையாக நான் சொல்ல மாட்டேன். தூக்கம் வராமல் தவிப்பவர், மனம் சோர்ந்தவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும், மணியும் கோர்க்கலாம்.

அந்த அறுந்த கைப்பட்டையின் மணிகளை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் 8/0 மணியில் பத்து மணி அகலத்தில், நான் சொன்ன சிவப்பு வெள்ளைக் கோடுகளாக, கைச்சுற்றளவுக்கு ஒரு பட்டை முதலில் பின்னுங்கள். அது முடிந்ததும் பழைய படிக மணிகளை ஃபயர்லைனில், ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் ஒரு 8/0 காவல் வைத்து, நூலை இரண்டு முறை ஓட்டி மறுபடி கோர்த்துவிடுங்கள். கொக்கியில் மூன்று சுற்று. பின்னிய பட்டையின் ஓரம் நன்றாகத் தெரியும்படி கிட்டத்திலிருந்து ஒரு படம் எடுத்துப் போடுங்கள். இழுவை எப்படி இருக்கிறது என்பதை ஓரத்தில் உள்ள நூல் சொல்லிவிடும், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.